எங்கள் ஏரியா பள்ளி மேலாண்மைக் குழு: திருப்பூரிலிருந்து ஒரு தாயின் மதிப்புரை

தேனி, விருதுநகர்ப் பக்கமிருந்து புதிதாகத் திருப்பூருக்குக் குடிவருகிறவர்கள் எங்கள் காம்பவுண்டில் சாமான் இறக்கியதும் கேட்கும் முதல் கேள்வி, நல்ல தண்ணி எந்தக் கிழமை வரும் என்பது. அடுத்த கேள்வி, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்பது. கட்டடம் எப்படி, ஸ்மார்ட் போர்டு இருக்கிறதா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் பாஸ் என்றெல்லாம் விசாரிப்பார்கள். நான் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் யார் வீடு தேடி வந்து கேட்பார்கள் என்று விசாரியுங்கள். ஆள் வந்து கேட்கிற பள்ளிக்கூடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆள் வந்து கேட்கிறார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் இவ்வளவு பேர் மதிப்புரை எழுதுகிறோம். நம் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் உட்கார வைத்திருக்கிற ஒரு குழுவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் ஏழாம் வகுப்பு. இரண்டு பேரும் படிப்பது ஊரின் ஓரத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறிலிருந்து பத்து வரை இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலானோர் எங்களைப் போல வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்.

திருப்பூரில் பிள்ளைகள் ஏன் நின்றுபோகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்தக் குழுவின் அருமை புரியாது. வேறு ஊர்களில் வேலை இல்லாமல் பிள்ளை படிப்பை விடும். இங்கே வேலை இருப்பதால் விடும். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்கு எந்தப் படிப்பும் வேண்டாம். பிசிர் வெட்டுவது, பீஸ் அடுக்கிக் கட்டுவது எல்லாம் ஒரே நாளில் பழகிவிடும். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆடிட் வரும், வயதுச் சான்று கேட்பார்கள், பதினெட்டுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். ஆனால் சந்துக்குச் சந்து ஐந்து மிஷின், பத்து மிஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் யார் ஆதார் கார்டு பார்க்கிறார்கள்?

இதற்கு ஒரு காலக்கணக்கும் இருக்கிறது. மே லீவில் "சும்மாதான இருக்கான், ஒரு மாசம் வரட்டும்" என்று யூனிட்டுக்குப் போகும் பையன் ஜூனில் திரும்புவது சந்தேகம். தீபாவளிக்கு முன்னால் ஆர்டர் நெருக்கும்போது ராத்திரி வேலைக்கு ஆள் பிடிப்பார்கள், அதில் சில பேர் போய்விடுவார்கள். போனஸ் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும் குடும்பம் அங்கேயே தங்கிவிட்டால், பிள்ளை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு, தள்ளிவிடுவார்கள். வேறு ஏதாவது பள்ளி எடுத்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை அங்கேயே கிடக்கும்.

இதற்கு மேல் வயது வேறு. கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அது ஆறு வயதிலிருந்து பதினாலு வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். ஓரிரு விலக்குகள் தவிர, பதினாலுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்கிறது. பதினாலிலிருந்து பதினெட்டு வரை ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் தடை. ஆக இரண்டு சட்டமும் பையனைச் சரியாக ஒன்பதாம் வகுப்பு வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழுவின் அக்காமார்கள் நிற்கிறார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றால் எங்கள் ஆளுங்க நிறையப் பேருக்குப் பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம், என்று நினைப்பு. அது வேறு. இது அந்தக் கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருப்பது. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. ரொம்ப காலம் அது பேப்பரில்தான் இருந்தது. 2022-இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்று தமிழ்நாடு முழுக்கக் கூட்டம் போட்டு, குழுவை மறுபடி தேர்ந்தெடுத்தபோதுதான் எங்கள் பள்ளியிலும் உயிர் வந்தது. எங்கள் குழுத் தலைவி சிங்கர் மிஷினில் தைக்கும் டெய்லர். மற்றவர்களில் ஒருவர் வீட்டிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவர், ஒருவர் மகளிர் குழு நடத்துபவர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார். இட்லிக் கடை அக்காவுக்குத் தெரியாமல் எங்கள் ஏரியாவில் ஒரு வீடு காலியாகாது, ஒரு வீட்டுக்கு ஆள் வராது. பதிவேட்டை விட அவர் கணக்கு சுத்தமாக இருக்கும்.

இவர்கள் செய்யும் வேலை என்னவென்று ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். எங்கள் காம்பவுண்டில் மூன்றாவது வீடு. என் மகனோடு ஒரே வகுப்பு. போன தீபாவளி லீவு முடிந்து பள்ளி திறந்தது, பையன் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வகுப்பு டீச்சர் தலைவி அக்காவுக்குப் போன் செய்துவிட்டார். இதுதான் அவர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. மூன்று நாள், காரணம் தெரியவில்லை என்றால் உடனே போன். மாதக் கடைசியில் பட்டியல் எடுக்கும் வரை காத்திருப்பதில்லை. இந்த வேகத்துக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுவேன். ஒரு சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்துவிட்டால் பையன் மனசு மாறிவிடும். சம்பளம் வருவதற்குள் போய்ப் பேசியாக வேண்டும்.

வீட்டில் பூட்டு. அம்மா கம்பெனியில். அப்பா இடுப்பு வலியால் வேலைக்குப் போக முடியாமல் ஊருக்குப் போய்விட்டார். பையன் இரண்டு தெரு தள்ளி ஒரு யூனிட்டில் கைமடி என்று இட்லிக் கடை அக்கா சொன்னார். தலைவி மறுநாள் டீ டைம் பார்த்துப் போனார். மிஷின் ஓடும்போது போனால் கான்ட்ராக்டர் எரிந்து விழுவார், பையனும் எல்லார் முன்னாலும் அவமானப்படுவான். டீ டைமில் வெளியே பெட்டிக் கடையில் நிற்பான், அங்கே பேசலாம். பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்து, "ஏங்கண்ணு, நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டு வந்தியா? அப்பாவுக்கு இடுப்பு எப்படி இருக்குது?" என்று ஆரம்பித்தாராம். பள்ளிக்கூடத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் அம்மாவிடம் ராத்திரி எட்டரைக்கு மேல்தான் பேச முடிந்தது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைத்தார். நானும் உடன் உட்கார்ந்திருந்தேன். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்க்கா, அவன்தான் வாடகை கட்டணும்மான்னு போறான்" என்று அழுதார். வாடகை இரண்டு மாதம் நின்றுபோயிருந்தது. தலைவி நேரே வீட்டுக்காரம்மாவிடம் போய், அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் கழித்துக்கொண்டு இன்னொரு மாதத்தைப் பொங்கல் வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்காரம்மா முதலில் முகத்தைத் தூக்கினார். பிறகு அவர் பேரனும் அதே பள்ளிக்கூடம் என்று பேச்சு வந்ததும் இறங்கி வந்தார். மளிகைக் கடை அண்ணாச்சி கணக்கு நோட்டைத் தள்ளிப் போட்டார். மகளிர் குழு அக்கா தன் கம்பெனியில் அந்த அம்மாவுக்கு வேலை சொல்லிவிட்டார். ஒரு ஷிப்ட்டுக்கு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. கான்ட்ராக்டரிடம் செய்த நாளுக்குக் கூலியை வாங்கிக் கொடுத்ததும் இவர்கள்தான்.

இவ்வளவும் ஆன பிறகும் பையன் போகவில்லை. ஏன் என்று என் மகனிடம்தான் சொன்னான். தீபாவளிக்குப் பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே செம்பட்டையாகக் கலர் அடித்திருந்தான். அந்தத் தலையோடு போனால் பிரேயரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். வகுப்பில் "எங்கடா போன?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அதற்குப் பயம். வாடகையெல்லாம் பெரியவர்களுக்கான காரணம். பதினாலு வயதுப் பையனுக்கு இதுவும் அதே அளவு பெரிய காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை தெருமுனை சலூன் கடைக்காரர் காசு வாங்காமல் முடியைச் சரிசெய்து கறுப்பு அடித்துவிட்டார். தலைமை ஆசிரியை, யாரும் அவனை எதுவும் கேட்கக் கூடாது என்று டீச்சர்களிடம் சொல்லிவைத்தார். திங்கட்கிழமை பையன் என் மகனோடு சைக்கிளில் டபுள்ஸ் போனான். விட்டுப்போன பாடத்தைக் கணக்கு டீச்சர் மதிய இடைவேளையில் சொல்லிக் கொடுத்தார்.

இதில் அரசாங்கப் பணம் எதுவும் செலவாகவில்லை, பார்த்தீர்களா. வீட்டுக்காரம்மா, அண்ணாச்சி, சலூன் கடைக்காரர், டீச்சர் என்று ஆளுக்கு ஒரு கை. அந்தக் கைகளையெல்லாம் தெரிந்த ஒரு ஆள் நடுவில் இருந்தார், அவ்வளவுதான்.

சாயங்கால வகுப்பையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, நடுவில் கொஞ்ச நாள் திறந்து மூடியது போக, ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே 2021 செப்டம்பரிலும், சின்ன வகுப்புகளுக்கு நவம்பரிலும் திறந்தது. அந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27-ஆம் தேதி விழுப்புரம் மாவட்டத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தெருவிலேயே, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், அந்த ஊரிலேயே இருக்கும் படித்த தன்னார்வலர் ஒருவர் சொல்லிக் கொடுப்பது. அவருக்கு அப்போது மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. என் மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது அங்கேதான். எங்கள் தெருத் தன்னார்வலர் டிகிரி முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த பெண். அவர் திண்ணையில் பாட்டுப் பாடி, கோலமாவில் பின்னம் போட்டுக் காட்டுவார்.

அந்த வகுப்பின் பெரிய பயன் பாடம் கூட இல்லை என்பேன். பள்ளி விடுவது நாலேகால். நாங்கள் வீடு வந்து சேருவது எட்டரை. நடுவில் நாலு மணி நேரம் பிள்ளைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். கைமடிக்கு ஆள் பிடிக்கும் அண்ணன்கள் சந்து முனையில் நிற்பதும் அந்த நாலு மணி நேரத்தில்தான், போனில் விளையாட்டுப் பழகுவதும் அப்போதுதான். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் வயிற்றில் நெருப்பு. "வயசுக்கு வந்த புள்ளைய தனியா விட்டுட்டு எப்படி வேலைக்குப் போறது, ஊர்ல பாட்டிகிட்ட விட்டுடலாம்" என்று ஊருக்கு அனுப்பி, அங்கே ஒரு வருடத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்ட குடும்பம் எனக்குத் தெரியும். குழு அக்காமார்கள் இதைப் புரிந்துகொண்டு, அந்தத் தன்னார்வலர் வகுப்பை ஒன்பது, பத்துப் பிள்ளைகளுக்கும் நீட்டித்தார்கள். பிள்ளையார் கோவில் மண்டபத்தில் எட்டரை வரை நடக்கிறது. கரண்டு பில் கோவில் கமிட்டி. சுண்டலோ கடலையோ ஆளாளுக்கு முறை போட்டுக் கொடுக்கிறோம். கூடுதல் நேரத்துக்கு அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்கு 50 ரூபாய் என்று மாதா மாதம் வசூலித்துக் கொடுக்கிறோம். முடியாதவர்களிடம் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால் அவர் உழைப்புக்கு இது காணாது. அரசாங்கம் கொடுத்த 1000 ரூபாயும் காணாதுதான்.

பண உதவி, பொருள் உதவி பக்கம் வருகிறேன். இப்போது பல ஊர்களில் கல்விச் சீர் கொண்டுபோகும் வழக்கம் வந்திருக்கிறது. கல்யாண வீட்டுச் சீர் மாதிரித் தாம்பாளத் தட்டோடு, மேளம் வைத்து, பீரோ, நாற்காலி, குடம், நோட்டு என்று ஊரே ஊர்வலமாகப் போய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கும். பள்ளிவாசல் ஜமாத்தார் கொண்டுவந்து இறக்கிய ஊர்களும் உண்டு. காமராஜர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி ஊர்க்காரர்களிடம் பெஞ்சும் மணியும் கடிகாரமும் வாங்கினார்கள் என்று என் மாமனார் சொல்வார். அப்போது பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினாராம். மதிய உணவே அப்போது ஊர்க்காரர்களின் அரிசியும் காசும் சேர்ந்துதான் தொடங்கியது. அந்த நல்ல பழக்கம் திரும்ப வருவதில் எனக்குச் சந்தோஷம். எங்கள் பள்ளிக்கும் வந்தது.

ஆனால் அன்றைக்கு மேடையில் ஒரு காரியம் நடந்தது, எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா இல்லாத பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, மைக்கில் அப்படியே சொல்லி, பையும் நோட்டும் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். அதில் ஒரு பெண் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. உதவி செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் நிறுத்துவதற்காகக் கொடுக்கிற பொருளே பிள்ளையை வெளியே தள்ளிவிடக் கூடாது. குழுவில் நான் இதை எழுந்து கேட்டேன். இப்போது எல்லாப் பொருளும் தலைமை ஆசிரியை அறைக்குப் போகிறது, தேவைப்பட்ட பிள்ளைக்கு டீச்சர் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்.

கொடுப்பவர்கள் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. பீரோ இரண்டு வந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் மோட்டாருக்கு ஒரு கெப்பாசிட்டரும்தான் அவசரமாக வேண்டியிருந்தது. கடைசியில் ஆட்டோ அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூட்டிவந்து முடித்தார். அதற்குப் பிறகு மாதத்தில் மூன்று நாள் லீவு போடும் பெண் பிள்ளைகள் குறைந்தார்கள்.

குறைகள் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் பள்ளியில் மாதக் கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம். திருப்பூரில் வெள்ளிக்கிழமை மதியம் எந்தத் தாய் வர முடியும்? மறுநாள் சம்பளம் போடும் நேரத்தில் லீவு கேட்டால் முழு நாள் கூலி போகும். அதனால் கூட்டத்துக்கு வருவது எப்போதும் அதே ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் பத்து மடங்கு ஆள் வரும். அப்பாமார்கள் குழுப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. பதினைந்து வயதுப் பையனிடம் ஒரு ஆம்பளை தோளில் கை போட்டுப் பேச வேண்டிய நேரம் வரும், அப்போது ஆட்டோ அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார்.

ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் விஷயத்தில் குழு ரொம்பப் பின்தங்கி இருக்கிறது. எங்கள் ஏரியாவில் இந்தியும் ஒடியாவும் பேசும் குடும்பங்கள் வருடத்துக்கு வருடம் கூடுகின்றன. அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் பேசத் தெரிந்தவர் குழுவில் ஒருவரும் இல்லை. டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) இல்லை என்று அந்தக் குடும்பங்கள் பிள்ளையைச் சேர்க்காமலே வைத்திருக்கின்றன. எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமானாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை அவர்கள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். அந்தக் குடும்பங்களில் இருந்தே ஒரு தாயைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பத்தாம் வகுப்பில் தவறியவர்களை யாரும் பின்தொடர்வதில்லை என்பது இன்னொரு குறை. மே மாதம் ரிசல்ட், சில வாரங்களில் துணைத் தேர்வு வந்துவிடும். விண்ணப்பிக்கச் சொல்லி ஒரு போன் போதும். அவர்கள் பள்ளிப் பதிவேட்டில் இல்லை என்பதால் குழுவின் கண்ணிலும் இல்லை.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேச இப்போது ஒரு நல்ல பிடி கிடைத்திருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் வரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. "இப்ப ஊருக்கு அனுப்பி நிறுத்திட்டீங்கன்னா அதுவும் போச்சு" என்று தலைவி சொல்லும்போது எதிரில் இருக்கும் அம்மா யோசிக்கத்தான் செய்கிறார்.

இதற்கு முன்னால் நாங்கள் குடியிருந்த பக்கத்தில் வேறொரு பள்ளி. நல்ல கட்டடம். என் தங்கை மகன் அங்கே எட்டாம் வகுப்பில் நின்றான். ஒரு ஆள் வரவில்லை, ஒரு போன் வரவில்லை. அந்தப் பையன் இன்றைக்கு பேட்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். கெட்டிக்காரன், கணக்கில் புலி. அவனை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் பகுதிப் பள்ளியில் குழு எப்படி என்று பார்க்க விரும்பினால், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டு அம்மாக்களிடம் தலைவி யார் என்று கேளுங்கள். உடனே ஆளைக் கைகாட்டினால் அங்கே குழு வேலை செய்கிறது. படிப்பை விட்ட பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குச் சொல்லலாம். சின்னப் பிள்ளையை வேலைக்கு வைத்திருந்தால் 1098.

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்து நோட்டு இட்லிக் கடையில் இருக்கிறது. எங்கள் பள்ளிப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால், காலையில் கம்பெனிக்குப் போகும் வழியில் ஒரு நிமிடம் நின்று போட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.